காரில் பழுது வந்தால் செலவு யாருடையது? அறிகுறி வாரியாக ஒரு வாரண்டி வழிகாட்டி

இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்கள் எல்லாம் ஏதோ ஒரு வாரண்டியோடுதான் வருகின்றன. மாருதி சுசுகி 2024 ஜூலை முதல் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் வரை தருகிறது. அதற்கு முன் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர்தான். டொயோட்டாவும் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். காலம், தூரம் இரண்டில் எது முந்துகிறதோ, அன்றே வாரண்டி முடிகிறது. இவ்வளவும் வாங்கும்போதே எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. பழுதோடு சர்வீஸ் சென்டர் வாசலில் நிற்கும்போது "இது வாரண்டியில் வராது சார்" என்று சொல்கிறார்களே, அந்த வாக்கியம் எப்போது சரி, எப்போது தவறு என்பதை யாரும் சொல்வதில்லை. அதை அறிகுறியிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

அதற்கு முன் இரண்டு விஷயங்கள்.

ஒரு பழுதின் செலவு ஐந்து பேரில் ஒருவர் தலையில் விழும். தயாரிப்பிலேயே குறை என்றால் கார் நிறுவனம். பேட்டரி, டயர் போன்றவற்றுக்கு அவற்றைத் தயாரித்த நிறுவனம். வெளியிலிருந்து வந்த சேதம் என்றால், அதாவது மோதல், வெள்ளம், தீ, திருட்டு என்றால், காப்பீட்டு நிறுவனம். சர்வீஸ் வேலையில் செய்த தவறு, ஷோரூமில் பொருத்திய உபரிப் பாகம் (அக்செசரி) என்றால் டீலர். தேய்மானமும் பராமரிப்பும் என்றால் உரிமையாளர். காப்பீடு இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. வாரண்டி விபத்துச் சேதத்துக்குப் பணம் தராது. ஒருவரிடம் போய் மற்றவரின் பொறுப்பைக் கேட்பதால்தான் பாதி சண்டைகள் நீளுகின்றன.

இரண்டாவது விஷயம் ஜாப் கார்டு. என்னைக் கேட்டால், வாரண்டி புத்தகத்தைவிட முக்கியமான காகிதம் இதுதான். காரை உள்ளே விடும்போது சர்வீஸ் அட்வைசர் பதிவு செய்யும் இந்தச் சீட்டில் தேதி, ஓடோமீட்டர் அளவு, உங்கள் புகார் மூன்றும் இருக்க வேண்டும். புகாரை உங்கள் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை", "வாடிக்கையாளர் சத்தம் என்கிறார்" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். "காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் பக்கம் பத்து நொடி உலோகச் சத்தம், சூடான பின் நிற்கிறது" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்தும் அது பேசும். பழுதின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். அறிகுறியை மட்டும் சொல்லுங்கள். "கிளட்ச் போய்விட்டது" என்று நீங்களே சொன்னால், கிளட்ச் தேய்மானப் பாகம், வாரண்டி இல்லை என்று அங்கேயே கதை முடியும். "இரண்டாவது கியரில் மேடு ஏறும்போது அதிர்கிறது" என்று சொன்னால் அவர்கள் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வாரண்டி முடிவதற்குள் பதிவான புகார், முடிந்த பிறகு சரிசெய்யப்பட்டாலும் வாரண்டிக்குள் வந்த புகார்தான். இந்த ஒரு வாதத்துக்காகவே எல்லா ஜாப் கார்டு நகல்களையும் பில்களையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

அறிகுறி: எஞ்சின் விளக்கு எரிகிறது

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சர்வீஸ் சென்டர் வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதைக் காட்டுகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் பாழாக்கும். விளக்கு மின்னிய பிறகும் வெகுதூரம் ஓட்டியது தெரிந்தால், "கவனக்குறைவால் பெருகிய சேதம்" என்று மறுக்க அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகியதும் பிழைக் குறியீடு திரையில் வரும். பி0300 என்றால் மிஸ்ஃபயர், இப்படி ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குறியீடு. அதை அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்த நொடியில் எஞ்சின் வேகம், வெப்பம் எல்லாம் என்னவாக இருந்தன என்ற தகவலும் குறியீட்டோடு சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். விளக்கை அணைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று காரைத் திருப்பிக் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதே குறியீடு திரும்ப வந்தால், முதல் படம் கையில் இருப்பது எவ்வளவு வசதி என்பது புரியும்.

சென்சார், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், எரிபொருள் பம்ப் ஆகியவை பொதுவாக வாரண்டிக்குள் வரும். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் பராமரிப்புக் கணக்கு. "கலப்பட எரிபொருள்" என்று சொன்னால், டேங்கிலிருந்து எடுத்த மாதிரியையும் சோதனை அறிக்கையையும் கேளுங்கள். கலப்படம் உறுதியானால் அது தயாரிப்பாளர் பொறுப்பல்ல, பங்க்கின் பொறுப்பு. எரிபொருள் போட்ட ரசீது இருந்தால்தான் அந்த வழியில் போக முடியும். சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே வடிகட்டித்தாள் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

பல கையேடுகளில் புகை வெளியேற்றத்துக்கென்று தனி வாரண்டிப் பக்கம் இருக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் விலை அதிகம் என்பதால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். காலாவதியாகாத மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று வைத்திருப்பது அங்கே பெரும்பாலும் ஒரு நிபந்தனை.

அறிகுறி: ஓடும்போது எஞ்சின் நின்றுவிடுகிறது, அல்லது ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

முதலில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே கார்களைத் திரும்ப அழைப்பது, இருக்கிறதா என்று பாருங்கள். 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான பலேனோ, வேகன் ஆர் கார்களில் சுமார் 16,000 கார்களை எரிபொருள் பம்ப் மோட்டார் குறைக்காக மாருதி 2024 மார்ச் மாதம் திரும்ப அழைத்தது. எஞ்சின் நின்றுபோவதும் ஸ்டார்ட் ஆகாததும்தான் அந்தக் குறையின் விளைவுகள். 4 ஆண்டு பழைய கார்கள் அவை. பலவற்றுக்கு வாரண்டி முடிந்திருக்கும். ஆனாலும் பாகம் இலவசமாக மாற்றப்பட்டது, ஏனென்றால் ரீகாலுக்கும் வாரண்டிக் காலத்துக்கும் தொடர்பில்லை. 2021 செப்டம்பரிலும் அதே நிறுவனம் 1.81 லட்சம் பெட்ரோல் கார்களை மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் குறைக்காக அழைத்தது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் கார் பட்டியலில் உண்டா என்று தெரிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. பழைய காரை வாங்கியவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்ய வேண்டும். ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குத்தான் போயிருக்கும்.

ரீகால் இல்லை, சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் சத்தம் வருகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஆனால் உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. மின்சாரத்தை உண்டாக்கி ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் கோளாறு. ஆல்டர்னேட்டர் கார் நிறுவனத்தின் வாரண்டியில் வரும். பேட்டரி பெரும்பாலும் பேட்டரி நிறுவனத்தின் வாரண்டியில், தனிக் காலக்கெடுவோடு வரும். பேட்டரியோடு தந்த வாரண்டி அட்டை எங்கே என்று இப்போதே தேடி வையுங்கள். பேட்டரி டீலர் அதை முழுதாகச் சார்ஜ் ஏற்றிச் சோதித்த பிறகே முடிவு சொல்வார். அதற்கு ஒரு நாள் பிடிக்கலாம். அதுவரை மாற்று பேட்டரி கேளுங்கள், பலரும் தருகிறார்கள்.

இரவில் நிறுத்திவிட்டுப் போனால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது, மாற்றினாலும் அதே கதை என்றால், வெளியே பொருத்திய மியூசிக் சிஸ்டம், கேமரா, கூடுதல் விளக்கு ஏதாவது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கலாம். ஒயரை வெட்டி இணைத்திருந்தால் மின்சாரப் பாகங்களுக்கான வாரண்டி கேள்விக்குள்ளாகும். அதைப் பொருத்தியவர் டீலரே என்றால் பொறுப்பும் அவருடையதே. உபரிப் பாகங்களுக்குத் தனி பில் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: ஏ.சி. குளிரவில்லை

நம் ஊர் வெயிலில் அதிகம் வரும் புகார் இது. அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கேபின் ஃபில்டர். தூசி அடைத்தால் காற்று வராது. அது பராமரிப்பு, உங்கள் செலவு. காற்று நன்றாக வருகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கும். ஏ.சி. குழாய்ப்பாதை மூடிய அமைப்பு. பெட்ரோல்போல கேஸ் செலவாகிவிடாது. புதிய காரில் ஓரிரு ஆண்டிலேயே குளிர் நிற்கும் அளவுக்குக் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஆனால் நடப்பது என்ன? கேஸ் நிரப்பி, "கேஸ் நுகர்பொருள், வாரண்டியில் வராது" என்று பில் தருவார்கள். நான்கு மாதத்தில் மீண்டும் குளிர் போகும். மீண்டும் கேஸ், மீண்டும் பில். இப்படியே வாரண்டி முடிந்துவிடும். அதன் பிறகுதான் "கூலிங் காயில் ஓட்டை" என்று கண்டுபிடிப்பார்கள். டாஷ்போர்டு முழுவதையும் இறக்கிச் செய்ய வேண்டிய அந்த வேலைக்கான கூலியும் உங்கள் தலையில் விழும்.

இதைத் தடுக்க வழி ஒன்றுதான். முதல் முறையே, கேஸ் நிரப்புவதற்கு முன், கசிவுச் சோதனை செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள், அல்லது புற ஊதா ஒளியில் மின்னும் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்துப் பொறுப்பு மாறும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரில் கல் பட்டு ஓட்டை விழுந்திருந்தால் அது வெளிச்சேதம், வாரண்டி இல்லை. ஆனால் கண்டென்சர் கசிந்தாலே கல்தான் காரணம் என்று ஆகிவிடாது. கல் பட்டால் தகட்டில் நெளிவோ குழியோ தெரியும். அது இல்லாமல் மூட்டிலோ வெல்டிங்கிலோ எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அது தயாரிப்புக் குறை. நேரில் பாருங்கள், படம் எடுங்கள். கூலிங் காயில், கம்ப்ரெஸர், குழாய் மூட்டுகள் வாரண்டியில் வரும். அந்தப் பாகத்தை வாரண்டியில் மாற்றும்போது நிரப்பும் கேஸும் அந்த வேலையின் பகுதிதான். அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏற்காதீர்கள்.

இடது பக்க இருக்கையின் காலடியில் தண்ணீர் தேங்கினால் பயப்பட வேண்டாம். ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கும், சில நிமிட வேலை.

அறிகுறி: கிளட்ச் நழுவுகிறது, அதிர்கிறது, பிரேக் கிறீச்சிடுகிறது

கிளட்ச் தட்டு, பிரேக் பேடு, வைப்பர் ரப்பர், பல்பு எல்லாம் தேய்மானப் பட்டியலில் இருக்கும். சில நிறுவனங்கள் இவற்றுக்கும் குறுகிய கால அளவு ஒன்றைத் தருகின்றன, கையேட்டில் பாருங்கள். தேய்மானப் பாகம் என்பதற்காக அதில் தயாரிப்புக் குறையே இருக்க முடியாது என்று ஆகாது. கிளட்ச் தட்டு நீலம் பாரித்து, கருகி, சமமாகத் தேய்ந்திருந்தால் பாதிக் கிளட்சில் கால் வைத்து ஓட்டியதன் விளைவு, வாதாட வேண்டாம். ஸ்பிரிங் உடைந்து, ரிவெட் கழன்று, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வாதாட வேண்டும். இந்த வேறுபாட்டைக் கழற்றிய பாகம்தான் காட்டும். அதனால் "பிரிக்கும்போது எனக்குக் காட்ட வேண்டும்" என்றும் ஜாப் கார்டில் எழுதுங்கள். ஏ.எம்.டி., டி.சி.டி. போன்ற தானாக கியர் மாறும் கியர்பாக்ஸ் கார்களில் கியரை மாற்றும் ஆக்சுவேட்டர், கட்டுப்பாட்டு யூனிட் ஆகியவை தேய்மானப் பாகங்கள் அல்ல. மொத்தத்தையும் 'கிளட்ச் கோளாறு' என்று ஒரே பெயரில் அடக்கி மறுத்தால் பாகம் பாகமாகப் பிரித்துக் கேளுங்கள்.

பிரேக் பேடு உங்கள் செலவு. பிரேக் மிதி மெதுவாக உள்ளே இறங்குகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது என்றால் சென்சார் அல்லது யூனிட். இவை வாரண்டிப் பாகங்கள். மிதி இறங்கும் காரை ஓட்டிப் போகாதீர்கள்; இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: மேடு பள்ளத்தில் கடகட சத்தம், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, டயரில் புடைப்பு

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்தால் வாரண்டி கேட்கலாம். அதன் தண்டு வளைந்திருந்தால் பள்ளத்தில் மோதியதன் அடையாளம். சிறு ரப்பர் புஷ்களை முதல் ஓராண்டுக்குள் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் பராமரிப்பில் அடங்கும்.

டயருக்கு டயர் நிறுவனம்தான் பொறுப்பு. பக்கவாட்டில் புடைத்திருந்தால் பெரும்பாலும் பள்ளத்தின் விளிம்பில் மோதி உள்நூல் அறுந்திருக்கும்; அதை ஏற்க மாட்டார்கள். தேயும் பரப்பு உரிந்து வருவது, ஓடும்போது உருண்டை குலைவது போன்றவற்றை ஏற்பார்கள். ஏற்றாலும் முழுப் பணம் கிடைக்காது. டயரில் மீதமுள்ள வரிப்பள்ளத்தின் ஆழத்தை அளந்து அந்த விகிதத்துக்குத்தான் விலையில் கழிவு. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. புதிய காரை டெலிவரி எடுக்கும் நாளிலேயே ஐந்து டயரிலும் அந்த எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி: பெயின்ட் கொப்புளிக்கிறது, துரு தெரிகிறது

மேலே கீறல் இல்லாமல் அடியிலிருந்து கொப்புளம் எழுந்தால் பெயின்ட் வேலையின் குறை. கல் தெறித்த புள்ளியிலிருந்து துரு பரவினாலோ, பறவை எச்சமும் மரப்பாலும் அரித்தாலோ வாரண்டி இல்லை. கடற்கரை ஊர்களில் "உப்புக் காற்று" என்று ஒரே வார்த்தையில் மறுப்பார்கள். ஒரு கதவில் மட்டும் கொப்புளம், மற்ற மூன்றும் சுத்தம் என்றால் அந்தக் காரணம் நிற்காது. அந்த ஒரு கதவு மட்டும் ஷோரூமுக்கு வரும் வழியில் அடிபட்டு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: வெள்ளத்தில் நின்ற கார், எலி கடித்த ஒயர்

இரண்டிலும் வாரண்டிக்கு வேலையில்லை. காப்பீட்டைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. நின்ற காரைச் சும்மா விட்டவர்களுக்கு இருக்கை, தரைவிரிப்பு, ஒயரிங் செலவுகள் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லாத முழுக் காப்பீட்டிலேயே (காம்ப்ரிஹென்சிவ்) வரும். ஸ்டார்ட் செய்து பார்த்தால் காற்று வரும் வழியாக நீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு, நீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த எஞ்சின் சேதத்தை "வெள்ளத்தால் வந்ததல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கும். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை வாங்கியிருந்தால்தான் அதற்கு வழி. ஆகவே நீரில் நின்ற காரின் சாவியைத் தொடவே தொடாதீர்கள். நீர் வடிந்ததும் படம் எடுத்து, பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்றுங்கள்.

காப்பீட்டிலும் முழுப் பணம் வராது. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் அது மிச்சம். 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய் எப்படியும் உங்கள் பங்கு. எலி கடித்தது ஒரு சிறிய ஒயர் மட்டும் என்றால் கைப்பணத்தில் சரிசெய்துகொண்டு நோ கிளெய்ம் போனஸை (கிளெய்ம் செய்யாததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காப்பாற்றுவது லாபம்.

அறிகுறி: "வெளியே வேலை செய்தீர்கள், வாரண்டி போய்விட்டது" என்கிறார்கள்

இந்த வாக்கியம் எனக்குக் கோபத்தையே தருகிறது, ஏனென்றால் பாதிப் பேர் இதைக் கேட்டதும் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். உதிரிப்பாகச் சந்தையை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அந்த உத்தரவில் வாரண்டி பற்றியும் சொன்னது: வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுவதும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன, வழக்கு நீண்டது. எனவே உத்தரவைக் காட்டினால் எல்லாக் கதவும் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தர்க்கம் வலுவானது: வெளியே பஞ்சர் ஒட்டியதற்கும் கியர்பாக்ஸ் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தொடர்பு உண்மையிலேயே இருக்கும் இடங்களும் உண்டு. உரிய நேரத்தில் எஞ்சின் ஆயில் மாற்றாமல் எஞ்சின் இறுகிப்போனால் சர்வீஸ் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். ஆயில் வெளியே மாற்றியிருந்தால் எந்த கிரேடு என்று எழுதிய பில் வேண்டும். வெளியே சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தால் எஞ்சின் வாரண்டியை மறந்துவிடலாம்.

மறுப்பு எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். "வாரண்டிப் புத்தகத்தின் எந்த நிபந்தனையின்படி, என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் தாருங்கள்" என்ற இந்த ஒற்றைக் கோரிக்கையிலேயே பல மறுப்புகள் "மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று மாறிவிடுவதுண்டு.

அறிகுறி: தேதி முடியவில்லை, ஆனால் கணினி "முடிந்துவிட்டது" என்கிறது

வாரண்டி உங்களுக்குக் கார் விற்ற நாளிலிருந்து தொடங்க வேண்டும். மாத இலக்கை எட்டுவதற்காகச் சில டீலர்கள் நிறுவனத்தின் கணினியில் முன்கூட்டியே விற்றதாகக் காட்டிவிடுவார்கள். கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். டெலிவரி எடுத்த வாரத்திலேயே நிறுவனத்தின் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ வாரண்டித் தொடக்கத் தேதியைப் பாருங்கள். விற்பனை ரசீதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

பணம் கட்டி வாரண்டியை நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியை வாங்குவதாக இருந்தால் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: கார் நிறுவனமா, டீலரா, வேறொரு நிறுவனமா? டீலரின் சொந்தப் பத்திரம் அடுத்த ஊரில் செல்லாது போகலாம். டர்போ எஞ்சின், டி.சி.டி. கியர்பாக்ஸ், பெரிய திரையும் சென்சார்களும் நிறைந்த காருக்கு வாங்குவதை நான் பரிந்துரைப்பேன். மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் எளிய மேனுவல் காருக்கு அவ்வளவு அவசியமில்லை.

மின்சாரக் காரில் பேட்டரிக்குத் தனிக் கணக்கு: பல மின்சாரக் கார்களில் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். "வாழ்நாள் வாரண்டி" என்று விளம்பரம் வந்தால், அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று பாருங்கள். பழைய மின்சாரக் கார் வாங்குபவருக்கு அந்த ஒரு வரி பெரும் தொகையாகிவிடும்.

அறிகுறி: மூன்று முறை சரிசெய்தும் அதே பழுது

இத்தனை முறை பழுதானால் காரையே மாற்றித் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மாருதி உத்யோக் (இன்றைய மாருதி சுசுகி) எதிர் சுசீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல், வாரண்டி நிபந்தனை குறையுள்ள பாகத்தை மாற்றுவதையே குறிக்கிறது, காரை மாற்றுவதை அல்ல என்று சொன்னது. புதிய கார் வேண்டும் என்றே தொடங்கினால் வழக்கு தளரக்கூடும். பாகத்தை மாற்றுதல், செலவு, அலைச்சலுக்கு இழப்பீடு என்று கேட்பது உறுதியான வழி. அதற்காக நீதிமன்றங்கள் தயாரிப்பாளர் பக்கமே நிற்கின்றன என்று நினைக்க வேண்டாம். விபத்தில் ஏர்பேக் விரியாத கிரெட்டா கார் வழக்கில் 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஹூண்டாயின் மேல்முறையீட்டைத் தள்ளி, உரிமையாளருக்குக் கிடைத்த தீர்வை உறுதி செய்தது.

மூன்றாவது முறை காரை விடும்போது பழைய ஜாப் கார்டு எண்களையும் புதியதில் குறிப்பிடச் சொல்லுங்கள். டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் தேதி வரிசையாக எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். கட்டணம் இல்லை, பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். அடுத்தது வழக்கறிஞர் நோட்டீஸ், அதன்பின் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தயாரிப்பாளரின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே நடத்தலாம். பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வணிகத்துக்கு வாங்கிய கார் என்றால் இந்த வழி அடைபடும்; தன் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவருக்கு அடைபடாது.

தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் பக்கம் இருக்கும். சோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. மனுவிலேயே அதைக் கேளுங்கள். அந்தச் சோதனை முடியும்வரை காரை விற்காதீர்கள், சர்ச்சைக்குரிய பாகத்தை வெளியே பிரிக்கவோ மாற்றவோ செய்யாதீர்கள். வேறு வழியில்லாமல் மாற்ற நேர்ந்தால், முன்கூட்டியே எதிர்த்தரப்புக்கு மின்னஞ்சல் அனுப்பி, கழற்றிய பாகத்தைப் படமெடுத்து, அதன் எண் தெரியும்படி கட்டி உங்கள் வசமே வைத்துக்கொள்ளுங்கள்.